அது நாங்கள் அல்ல

அந்த வங்கியிலிருந்து வாடிக்கையாளர்களுக்குப் போன மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை முதலில் ஒரு சமையலறையில்தான் வாசிக்கப்பட்டன. வங்கிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு விசாரணைக் குழு போட்டு, சமையலறைக்கே வந்து அடுப்பை விசாரித்திருப்பார்கள்.

அவளுக்குத் தலைமை அலுவலகத்தில் வேலை. எழுதுவதுதான் வேலை. வட்டியைக் குறைத்தால் அதைக் குறைத்த மாதிரி தெரியாமல் எழுத வேண்டும். கட்டணத்தை ஏற்றினால் ஏதோ விருந்துக்கு அழைப்பது போல எழுத வேண்டும். அலுவலகத்தில் அவளைக் கடிதக்கார அம்மா என்றார்கள். வீட்டில் அவள் கணவர் அதையும் சுருக்கி லெட்டர் என்று கூப்பிடுவார்.

"என்ன லெட்டர், இன்னிக்கு யாரு தலையில மிளகாய் அரைக்கறீங்க?"

"கேளுங்க, சொல்றேன்."

அவர் முக்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவார். அவள் அடுப்புப் பக்கம் சாய்ந்து நின்று அன்றைய வரைவை வாசிப்பாள். அவர் வாயைத் திறந்து கருத்து சொல்ல வேண்டியதே இல்லை. கத்தி ஓடிக்கொண்டே இருந்தால் வாக்கியம் சரி. கத்தி நின்றால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு. படித்தவர்களுக்கு எழுதிப் பழகிய கை தடுமாறும் இடமெல்லாம் அந்தக் கத்திக்குத் தெரிந்துவிடும். மறுநாள் அலுவலகத்தில் அவள் அந்த வரியை மாற்றிவிடுவாள். ஏன் மாற்றினாய் என்று கேட்பவர்களிடம், காதுக்குச் சரியாகப் படவில்லை என்பாள். எவருடைய காது என்று சொன்னதில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர்களுக்குள் அறிமுகம் ஆனதே ஒரு லிஃப்டில்தான். வங்கிக் கட்டடத்தின் லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுபோய், அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள். எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். இருக்கிற பட்டன் எல்லாவற்றையும் மாறி மாறி அழுத்தினாள். மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"உள்ள இருக்கறவங்க கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. எந்தப் பட்டனையும் தொடாதீங்க."

"பயமா இருக்குங்க."

"தெரியும். பயந்தவங்க கை பட்டனைத்தான் தேடும். அதனாலதான் கட்டிக்கச் சொன்னேன்."

கதவைப் பிரித்து அவளை வெளியே எடுத்தபோது அவர் முதலில் காட்டியது தன் முகத்தை அல்ல, ஒரு பூட்டை. "இது என் பூட்டு. மெயின் சுவிட்சுல மாட்டிட்டுத்தான் வேலையில இறங்குவேன். சாவி என் பையில. இது தொங்கற வரைக்கும் லிஃப்ட் ஒரு அங்குலம் அசையாது. நீங்க பயந்ததெல்லாம் வீண்." அந்தப் பூட்டின் மேல் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இழுத்திருந்தார், மற்றவர்களின் பூட்டோடு கலந்துவிடாமல் இருக்க. தன் பூட்டு தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லிஃப்ட் குழிக்குள் தலையை நீட்டுவார். வேலைக்காலம் முழுக்க அந்த ஒரு பழக்கம்தான் அவர் தலையைக் கழுத்தின் மேல் வைத்திருந்தது. கவனம் என்ற சொல்லை அவர் அதிகம் பேசியதில்லை. மூச்சு விடுவதைப் பற்றி யாரும் பேசிக்கொண்டிருப்பதில்லை அல்லவா, அப்படி.

பிறகு வங்கியின் பெயரில் போலி மின்னஞ்சல்கள் கிளம்பிய காலம் வந்தது. உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, உடனே இங்கே அழுத்துங்கள் என்று வரும். அழுத்தினால் வங்கியின் பக்கம் போலவே ஒரு பக்கம் திறக்கும். அதில் கடவுச்சொல்லைப் போட்டால் பணம் போய்விடும். வாடிக்கையாளர்களை எச்சரிக்க ஒரு வாசகம் தேவைப்பட்டது. சட்டப் பிரிவு ஒரு பத்தி எழுதி அனுப்பியது. அவள் அதைச் சமையலறையில் வாசித்தாள். முதல் வரியிலேயே கத்தி நின்றது.

"இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள திருடன் வேலையை முடிச்சிட்டு வீட்டுக்குப் போயி தூங்கிடுவான்."

"அப்ப எப்படி எழுதறது?"

"இவ்வளவு எதுக்கு? பயமுறுத்தறான். அவசரப்படுத்தறான். ஒரு பட்டனைக் காட்டறான். மூணே சமாச்சாரம். இந்த மூணும் இருந்தா அது நாங்க இல்லன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

அவள் அதை அப்படியே எழுதினாள். 'பயமுறுத்தி, அவசரப்படுத்தி, ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னால் அது நாங்கள் அல்ல.' மேலிடத்துக்கு மிகவும் பிடித்துப்போனது. வங்கியின் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் அந்த வரி தானாகவே ஒட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். சந்தேகமான அஞ்சல் வந்தால் அனுப்பிவைக்க ஒரு முகவரியும் கொடுத்தார்கள். அனுப்புகிறவர்களுக்குத் தானாகப் போய்ச் சேரும் பதிலையும் அவளே எழுதினாள். அதையும் வாசித்துக் காட்டினாள். கத்தி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"நல்லாருக்கு," என்றார். "அனுப்பினவனுக்கு முதுகுல ஒரு தட்டு தட்டின மாதிரி இருக்கு."

வங்கியிலிருந்து எந்த மின்னஞ்சல் வந்தாலும் அவர் முதலில் கடைசி வரிக்குத்தான் போவார். தன் வரி இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் ஒரு சின்னச் சிரிப்பு. எழுதியவர் பெயர் இல்லாமல் ஊரெல்லாம் அச்சான எழுத்தாளனின் சிரிப்பு அது. வேறு யாருக்கும் அது வெறும் எச்சரிக்கை. அவருக்கு அது அவருடைய சிவப்புக் கோடு போட்ட பூட்டு.

அவளுடைய பிரிவுக்குப் புதிய மேலாளர் வந்தார். கெட்ட மனிதர் அல்ல. யாருக்காவது பிறந்தநாள் என்றால் தன் காசில் கேக் வாங்குவார். ஆனால் மின்னஞ்சலில் பொத்தான் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கடன் வேண்டுமா, ஒரு பொத்தான். அட்டை வேண்டுமா, ஒரு பொத்தான். வாழ்த்துச் சொன்னால்கூட அடியில் நீலமாக, உருண்டையாக ஒரு பொத்தான். அலுவலகத்தில் அவருக்கு பட்டன் சார் என்று பெயர் விழுந்துவிட்டது.

அவள் சொல்லிப் பார்த்தாள். "சார், நம்மளே பட்டன் வச்சா, திருடன் வைக்கிற பட்டனை ஜனங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க? அவங்களே பேங்கோட ஆப்பைத் திறந்து பாக்கட்டும்னு எழுதலாமே."

"அம்மா, ஆப்பைத் திறக்கச் சொன்னா நூத்துல பத்துப் பேருதான் திறப்பான். பட்டன்னா பாதிப் பேரு அழுத்துவான். மேல கணக்குக் கேக்கறாங்க."

"கீழ எச்சரிக்கையில பொத்தான்னு இருக்கே சார்."

"அதான் நானும் பாத்தேன். இடிக்குது. அந்தத் துண்டை மட்டும் எடுத்துடுங்க."

எடுத்துவிட்டார்கள். 'பயமுறுத்தி, அவசரப்படுத்தினால் அது நாங்கள் அல்ல' என்று வரி குட்டையாகிப்போனது. அவள் வீட்டில் சொன்னபோது அவர் தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தட்டிக் காட்டினார்.

"இதுல ஒரு காலை வெட்டிட்டு உக்காரச் சொல்றாரா உங்க சார்? உக்காந்து பாக்கச் சொல்லுங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போது சிரிக்க முடிந்தது.

அவர் ஓய்வு பெற்றார். கம்பெனி கொடுத்த மொத்தப் பணமும் அவர் கணக்கில் விழுந்தது. அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டையே வாங்கிவிடுவது என்று திட்டம். வீட்டுக்காரரும் சரி என்றிருந்தார். சமையலறையில் எந்தச் சுவரை இடிப்பது, எங்கே இன்னொரு ஜன்னல் வைப்பது என்று அவர் கரித்துண்டால் சுவரிலேயே கோடு போட்டு வைத்திருந்தார்.

ஒரு நாள் அவள் அலுவலகத்திலிருந்து வந்தபோது சமையலறையில் அவர் முக்காலியில் இருந்தார். எதிரே பீன்ஸ் நறுக்காமல் கிடந்தது. கைபேசியை நீட்டினார்.

"இதை வாசிங்க லெட்டர்."

வங்கியின் சின்னத்தோடு ஒரு மின்னஞ்சல். 'மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, உங்கள் விவரங்களை ஆண்டுக்கொருமுறை சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அவசரம் எதுவும் இல்லை. உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது கீழே உள்ள பொத்தானை அழுத்திச் சரிபார்க்கலாம். உங்கள் கணக்கு எப்போதும் போல இயங்கும்.' நீலமாக, உருண்டையாக ஒரு பொத்தான். அடியில், குட்டையாகிப்போன அந்த வரி.

எல்லாம் அவளுடைய வாக்கியங்கள். வெவ்வேறு மின்னஞ்சல்களிலிருந்து பொறுக்கி, ஒன்றோடொன்று தைத்திருந்தார்கள். எவருக்கும் கிடைக்கக்கூடியவைதான். வங்கி ஊர் முழுக்க அனுப்பியவைதானே.

"நீங்க அழுத்தினீங்களா?"

"அழுத்தினேன்."

"எல்லாத்தையும் போட்டீங்களா?"

"போட்டேன். அப்புறம் ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்துச்சு. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு இருந்துச்சு. நான் யாருகிட்டயும் சொல்லலியே. பேங்க் பக்கத்துலதானே போட்டேன்."

அனுப்பியவர் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். வங்கியின் பெயருக்குப் பின்னால் மறைந்திருந்த முகவரி விரிந்தது. வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நீள வால். அவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"பட்டன் பலகையைப் பாத்தேன். பின்னாடி வயரைப் பாக்கல," என்றார். பிறகு, "இவன் பயமுறுத்தல. அவசரப்படுத்தல. கீழ நம்ம வரி இருந்துச்சு. என் பூட்டு தொங்குதுன்னு நினைச்சு உள்ள இறங்கிட்டேன். பயந்து அழுத்தினவங்களத்தான் நான் பாத்திருக்கேன். நான் பயமே இல்லாம அழுத்தினேன்."

அவள் வங்கியின் அவசர எண்ணுக்குப் பேசுவதற்குள் பணம் போய்விட்டிருந்தது; கணக்கில் மீதி இருந்த தொகையைக் கேட்டால் யாரும் சிரிப்பார்கள்.

மறுநாள் அவர் தனியாகவே கிளைக்குப் போனார். அவள் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றார். அவள் அதே வங்கியில் வேலை பார்ப்பவள் என்று தெரிந்தால் அவளுக்குத் தலைகுனிவு என்று நினைத்தார். கவுண்டரில் இருந்த பெண் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உரக்கக் கேட்டாளாம், "நீங்க ஏன் சார் அழுத்தினீங்க? படிச்சுப் படிச்சு மெயில் அனுப்பறோம்ல?" வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அனுதாபமாகத்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த மனிதர் லிஃப்டை ஏற்றி இறக்காத கட்டடம் அந்தத் தெருவில் இல்லை. அவரிடம் ஒருவரும் அதுவரை 'ஏன் அழுத்தினீர்கள்' என்று கேட்டதில்லை. அவர்தான் அதைப் பிறரிடம் கேட்டவர்.

புகாரை வீட்டில் உட்கார்ந்து அவரே எழுதினார். அவளிடம் வாசித்துக் காட்டினார், வழக்கத்துக்குத் தலைகீழாக, அவர் நின்றுகொண்டும் அவள் முக்காலியில் உட்கார்ந்தும். கடைசியில் சொன்னார்:

"பணம் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். என் கவனக்குறைவுன்னு மட்டும் எழுதிடக் கூடாது. ஏமாந்துட்டேன். அது நிஜம். ஏமாந்தான்னு எழுதட்டும், கையெழுத்துப் போட்டுத் தரேன். கவனக்குறைவுன்னு எழுதினா நான் செஞ்ச வேலைக்கெல்லாம் சேத்து எழுதின மாதிரி."

"எழுத மாட்டாங்க."

"உங்க பேங்கை உங்களைவிட எனக்குத் தெரியும். நீங்க வாசிச்சுக் கேட்டவன் நான்."

அதற்குப் பிறகு பீன்ஸ் நறுக்குவதை விட்டுவிட்டார். அவள் வரைவுகளை வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். நீங்கள் வாசியுங்கள் என்று அவர் கேட்கவும் இல்லை. சுவரில் கரிக்கோடு அப்படியே இருந்தது. அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் தண்ணீர் குடிக்கப் பழகிக்கொண்டார்.

புகார்க் குழு ஆற அமர யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குள் அவருக்கு இதயம் நின்றுபோனது. ஏற்கெனவே மருந்தில் இருந்தவர்தான். பணம் போன கவலையில் போய்விட்டார் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவள் மறுக்கவில்லை. ஆனால் அவர் பணத்துக்காகப் போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். மருத்துவமனையில் கடைசியாகத் தெளிவாகப் பேசியபோது, "பதில் வந்துச்சா?" என்றுதான் கேட்டார். எந்தப் பதில் என்று அவள் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய வாரம், பட்டன் சார் ஒரு தாளோடு அவள் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழக்கமாக நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறவர்.

"அம்மா, வெளிய போற லெட்டர் எல்லாம் உங்க கண்ணுல பட்டுத்தான் போகணும்னு விதி. இதுவும் வந்திருக்கு. உங்களுக்குக் கஷ்டம்னா நானே பாத்துக்கறேன்."

அவள் வாங்கிப் பார்த்தாள். மேலே கணவர் பெயர். வாரிசு என்று அவள் பெயர். 'தங்கள் தரப்பில் ஏற்பட்ட கவனக்குறைவே இழப்புக்குக் காரணம் என்பதைத் தாங்கள் ஏற்கும் பட்சத்தில், நல்லெண்ண அடிப்படையில் இழப்பில் ஒரு பகுதியை வங்கி வழங்கும்.'

"இந்த ஒரு வார்த்தையை மாத்தணும் சார்."

"எதை?"

"கவனக்குறைவு. ஏமாற்றப்பட்டதுன்னு போடலாம். பணத்தைக்கூடக் குறைச்சுக்கோங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது.

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? அந்த வார்த்தைக்காகத்தாம்மா அந்தப் பணமே. அது இல்லன்னா, நம்ம மெயில்ல பட்டன் வச்சதால ஜனங்களுக்குப் பழகிப்போச்சுன்னு ஒருத்தன் கேஸ் போடுவான். அப்புறம் எத்தனை பேருக்குக் குடுக்கறது?"

"அப்ப உங்களுக்கே தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? எனக்கு மேல கணக்குக் கேக்கறாங்க." எழுந்துகொண்டார். "பெரியவர் மேல எனக்கு மரியாதை உண்டும்மா. நம்ம லிஃப்டு அவரு கையிலதான் ஓடிச்சு. ஆனா அவரு இல்ல இப்ப. அவருக்கு என்ன வலிக்கப் போகுது?"

அவள் அந்தச் சொல்லை அடித்துவிட்டு வேறு எழுதி அனுப்பினாள். சட்டப் பிரிவு அதைத் திரும்பப் போட்டது. மறுபடி அடித்தாள். மறுபடி போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தாள் அவள் மேசைக்கு வரவில்லை. அந்தச் சொல்லோடு நேராக வீட்டுக்கே வந்துவிட்டது.

நாத்தனார் வந்திருந்தாள். அண்ணன் போன பிறகு வாரத்துக்கு ஒருமுறை வந்து, அலமாரியில் மாவு இருக்கிறதா, சிலிண்டரில் எரிவாயு இருக்கிறதா என்று கேட்காமலே பார்த்துவிட்டுப் போவாள். வாய்தான் கத்தி. மனசு அப்படி இல்லை.

"அண்ணி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறதை விட்டுட்டு என்ன யோசனை?"

"உங்க அண்ணன் வேணாம்னாரு."

"அவருக்கென்ன, போயிட்டாரு. வீட்டை விக்க வீட்டுக்காரர் வேற ஆளைப் பாத்துட்டாராமே. நாளைக்கு நீங்க எங்க போவீங்க? ஒத்த வார்த்தையை வச்சுக்கிட்டு அடுப்பு மூட்ட முடியுமா?"

"அவரைக் கவனமில்லாதவர்னு எழுதித் தரச் சொல்றாங்க."

"எழுதட்டுமே. எவன் படிக்கப் போறான்? பேங்க்ல ஒரு கம்ப்யூட்டர்ல கிடக்கும். நம்ம எல்லாருக்கும் தெரியும், அண்ணன் எப்படின்னு. சின்ன வயசுல என்னை ரோடு தாண்ட வைக்கறதுக்குள்ள நாலு தடவை ரெண்டு பக்கமும் பாப்பாரு. ஸ்கூல்ல மணி அடிச்சிடும். அவ்வளவு கவனம். எரிச்சலா வரும் எனக்கு." நாத்தனார் நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சினாள். "நீங்களும் அவரும் சேந்து எழுதின லெட்டருங்கதான் கடைசியில அவரைக் கவுத்துச்சு. இப்ப அதுக்கும் சேத்து நீங்க கஷ்டப்படணுமா?"

அது உறைத்தது. உறைக்கட்டும் என்றுதான் நாத்தனார் சொன்னாள். அவள், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். உண்மையில் பாதி மனசு கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தது. வீட்டுக்காரர் காட்டிய இன்னொரு வீட்டை அவள் போய்ப் பார்த்திருந்தாள். ஒரே அறை. அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு. முக்காலியைப் போட்டால் கதவு திறக்காது.

அடுத்த வாரம் அவர் கைபேசி ஒலித்தது. அதை அவள் அணைக்கவில்லை. தினமும் மின்சாரம் ஏற்றி, சமையலறை ஜன்னலில் வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவர் விட்ட இடத்தில் அவள்தான் இப்போது பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். வங்கியிலிருந்து மின்னஞ்சல். அனுப்பியவர் பெயரின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். சரியான முகவரிதான். வால் எதுவும் இல்லை. நிஜமாகவே வங்கி.

பழைய பழக்கத்தில் வாய்விட்டு வாசித்தாள்.

"மதிப்புக்குரிய வாடிக்கையாளரே. தங்கள் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு தொடர்பான எங்கள் சலுகையைத் தாங்கள் இதுவரை ஏற்கவில்லை. இம்மாத இறுதிக்குள் ஏற்காவிட்டால் தங்கள் உரிமை முற்றிலுமாக ரத்தாகும். தங்கள் கணக்கு மேல்நடவடிக்கைக்கு உட்படுத்தப்படலாம். உடனே கீழே உள்ள பொத்தானை அழுத்தவும்."

நீலமாக, உருண்டையாக ஒரு பொத்தான். அதன் மேல் 'ஏற்கிறேன்' என்று வெள்ளை எழுத்து. இறந்துபோன ஒரு மனிதரிடம் ஒரு பொத்தானை நீட்டி, அழுத்து என்று சொல்லிக்கொண்டிருந்தது வங்கி.

அவளுடைய கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அழுத்தினால் வாசல் கதவு திறக்கிற ஒரு வீடாவது கிடைக்கும். அவள் பயந்துதான் இருந்தாள். அவளுடைய கையும் பட்டனைத்தான் தேடியது. விரல் அதில் படாமலிருக்க பக்கத்தைக் கீழே தள்ளினாள். அடியில், தானாக ஒட்டிக்கொண்ட கடைசி வரி வந்தது.

'பயமுறுத்தி, அவசரப்படுத்தினால் அது நாங்கள் அல்ல.'

அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள், இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றது போல. பயமுறுத்துகிறார்கள். அவசரப்படுத்துகிறார்கள். வெட்டி எறிந்த மூன்றாவது காலும் இருக்கிறது. அவருக்கு வந்ததில், அவர் சொன்ன மூன்று சமாச்சாரமும் ஒன்றுவிடாமல் இருந்த மின்னஞ்சல், அவர் கணக்கைத் திருடியவன் அனுப்பியது அல்ல. இது.

பிறகு, வங்கி வாடிக்கையாளர்களைச் செய்யச் சொல்லியிருப்பதையே செய்தாள். எதையும் அழுத்தவில்லை. அந்த மின்னஞ்சலை, அவருடைய கைபேசியிலிருந்தே, சந்தேகமான அஞ்சல்களை அனுப்பிவைக்கும் முகவரிக்கு அனுப்பினாள்.

கத்தியைக் கையில் எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. மேலே அவர் பெயர்.

'தாங்கள் அனுப்பிய சந்தேக மின்னஞ்சல் எங்களுக்குக் கிடைத்தது. அதில் உள்ள எதையும் அழுத்த வேண்டாம். தங்களைப் போன்றவர்களின் கவனம்தான் மற்றவர்களையும் காப்பாற்றுகிறது. அந்தக் கவனத்துக்கு வங்கி தலைவணங்குகிறது.'

மாத இறுதி வந்தது, போனது. உரிமை ரத்தானது. வங்கியின் கோப்பில் கவனக்குறைவு என்று எழுதி மூடிவிட்டார்கள். அதைத் தடுக்க அவளால் முடியவில்லை. வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முந்தின நாள் நாத்தனார் பாத்திரங்களைக் கட்ட உதவிக்கு வந்தாள். சுவரில் இருந்த கரிக்கோட்டைத் துணியால் துடைக்கப் போனவளை அவள் தடுத்தாள். வருகிறவன் துடைத்துக்கொள்ளட்டும்.

"கடைசி வரைக்கும் கையெழுத்துப் போடலதானே? என்னத்தைக் கண்டீங்க அண்ணி?"

அவள் கைபேசியை எடுத்து அந்தப் பதிலைக் காட்டினாள். நாத்தனார் கண்ணுக்கு அருகில் பிடித்து இரண்டு முறை படித்தாள். முகம் முதலில் மலர்ந்தது. பிறகு சந்தேகப்பட்டது.

"இது மெஷின் அனுப்பறதுதானே? யாரு அனுப்பினாலும் இதேதானே வரும்?"

"ஆமா."

"அப்புறம் இதுக்கு என்ன மதிப்பு?"

"ஒண்ணுமில்ல. எழுதினது நான்."

நாத்தனார் கைபேசியைத் திருப்பித் தரவில்லை. வைத்துக்கொண்டே இருந்தாள்.

"வாசிச்சப்ப உங்க அண்ணன் பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தாரு," என்றாள் அவள், முக்காலியைத் துணியில் சுற்றியபடி. "ஒரு இடத்துலயும் கத்தி நிக்கல."